மருந்துக் கடையும் சட்டசபையும்



2025ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது, என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். பார்மசிப் பட்டம் பெற்று, எங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராகப் பணியாற்றுபவர். காப்பி அருந்தி முடித்த பின், தம் மனத்தில் இருந்ததைக் கேட்டார்: "ஐயா, அமெரிக்காவில் மருந்தாளுநர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக் காலம் சட்டம் இயற்றும் சபையில் வேலை பார்க்க ஃபெலோஷிப் கொடுத்து அனுப்புகிறார்களாம். மருந்து எடுத்துக் கொடுப்பவனுக்குச் சட்டசபையில் என்ன வேலை?"

அன்று நான் சொன்ன விடை சிறியது. அது அவருக்குப் போதவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. எனக்கும் போதவில்லை. ஆகவே, தேர்வுக்கு முந்திய நாள் மாணவனைப்போல நூல்களைப் புரட்டலானேன். அவ்வாறு நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'காங்கிரஸ்' என்றால் நம் நாட்டில் ஒரு கட்சியின் பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அது பாராளுமன்றத்தின் பெயர். 100 உறுப்பினர் கொண்ட செனட் சபையும், 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் சேர்ந்தது அது. 'ஃபெலோஷிப்' என்பதும் வெறும் உதவித்தொகை அன்று. ஒரு துறையில் பயின்று தேர்ந்த ஒருவர் தம் வழக்கமான தொழிலைச் சில காலம் நிறுத்திவைத்து, வேறோர் இடத்தில் கற்கவும் உழைக்கவும், அக்காலத்துக்கு வேண்டிய வாழ்க்கைச் செலவைத் தந்து அளிக்கப்படும் வாய்ப்பே அது.

அறிஞர்களையும் பத்திரிகையாளர்களையும் இவ்வாறு காங்கிரசுக்கு அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க அரசியல் விஞ்ஞானக் கழகம் 1953ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சுகாதாரக் கொள்கைக்கென்றே ஒரு ஃபெலோஷிப் 1973ஆம் ஆண்டில் ராபர்ட் உட் ஜான்சன் அறநிலையத்தின் பொருளுதவியால் தோன்றியது. பின்னர், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பார்மசிக் கல்லூரி, மருந்தாளுநர் அமைப்புகளுடன் சேர்ந்து, மருந்தாளுநர்களுக்கென்றே ஒன்றை ஏற்படுத்தியது. தேர்ந்தெடுக்கப்படுபவர் வாஷிங்டன் நகருக்குச் சென்று, ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்திலோ, ஒரு குழுவின் அலுவலகத்திலோ சேர்ந்து பணிபுரிவார். அங்கே அவர் மருந்தைத் தொடுவதில்லை. மசோதாக்களைப் படிப்பார், குறிப்பெழுதுவார், குழு விசாரணைகளில் உறுப்பினர் கேட்க வேண்டிய வினாக்களை ஆயத்தம் செய்வார்.

இனி அந்த இளைஞரின் வினாவுக்கு வருவோம். அதற்கு விடை காண நாம் 1937ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அக்காலத்தில் சல்ஃபனிலமைடு என்ற மருந்து புதிதாகப் பெயர் பெற்றிருந்தது. தொண்டைப் புண் முதலிய கிருமி நோய்களுக்கு அது மாத்திரையாகவும் தூளாகவும் வழங்கப்பட்டு, நல்ல பயனும் தந்தது. ஆனால் குழந்தைகள் மாத்திரை விழுங்குவார்களா? திரவமாக வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். அம்மருந்தோ நீரில் எளிதில் கரையாது. டென்னசி மாகாணத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் வேதியியலர், அது டை-எதிலீன் கிளைகால் என்ற திரவத்தில் நன்றாகக் கரைவதைக் கண்டார். கரைத்து, சிவப்பு நிறமும் ராஸ்பெரிப் பழச்சுவையும் சேர்த்து, 'எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு' என்று பெயரிட்டுக் கம்பெனி அதனை விற்பனைக்கு அனுப்பிற்று. நிறம் எப்படி, மணம் எப்படி, சுவை எப்படி என்று பார்த்தார்கள். உயிருக்குக் கேடு உண்டா என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை.

டை-எதிலீன் கிளைகால் என்பது எந்திரங்களைக் குளிர்விக்கும் திரவங்களிலும், வேறு பல தொழில்களிலும் பயன்படுவது. இனிப்பாக இருக்கும். உடலுக்குள் சென்றால் சிறுநீரகங்களை அழித்துவிடும். அந்த மருந்தைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. வயிற்று வலியும் வாந்தியும் கண்டன. சில நாட்களில் உயிர் பிரிந்தது. ஓக்லஹோமா மாகாணத்தில் துல்சா என்னும் நகரத்து மருத்துவர்கள்தாம் முதலில் ஐயம் கொண்டு செய்தி அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். அந்நகரத்துத் தாய் ஒருத்தி, இறந்துபோன தன் சிறுமகளின் நிழற்படத்தை இணைத்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினாள். இனி எந்தத் தாய்க்கும் இக்கதி நேராமல் காக்க வேண்டும் என்பதே அக்கடிதத்தின் வேண்டுகோள்.

அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் தன் ஆய்வாளர்கள் 239 பேரையும் ஊர் ஊராக ஓடவிட்டது. விற்பனையாளர்களைத் தேடி, கடைக்காரர்களின் ஏடுகளைப் புரட்டி, மருத்துவர் சீட்டுகளில் இருந்த பெயர்களைப் பின்தொடர்ந்து சென்றார்கள். தயாரிக்கப்பட்ட 240 காலனில் 234 காலனுக்குச் சற்று அதிகமாக மீட்டுவிட்டார்கள். மீளாத ஆறு காலனுக்கும் குறைவான திரவமே அத்தனை உயிரையும் குடித்தது.

இப்போது கவனியுங்கள். அந்த மருந்தைக் கைப்பற்ற அரசாங்கத்துக்கு எந்தச் சட்டம் உதவிற்று? நஞ்சை விற்றான் என்ற குற்றச்சாட்டு அன்று. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 'எலிக்ஸிர்' என்ற சொல்லுக்கு, ஆல்கஹால் கலந்த மருந்து என்று பொருள். இதில் ஆல்கஹால் இல்லை. ஆகவே பெயர் பொய். பொய்ப் பெயரிட்டு விற்றது குற்றம்! 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அரசாங்கம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். நான் மொழிப் பாடமும் கற்பித்தவன். ஒரு சொல்லின் பொருளை அறிவது உயிரைக் காக்கும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு நேராக மெய்ப்பட்ட இடத்தை வேறெங்கும் கண்டதில்லை.

காங்கிரசில் ஐந்தாண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த புதிய மசோதா, இந்தத் துயரத்தின் பின் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் சட்டமாயிற்று. புதிய மருந்து எதுவாயினும், அது தீங்கற்றது என்று காட்டிய பின்னரே விற்கலாம் என்று விதித்தது அச்சட்டம். பெரிய ஓட்டை அடைபட்டது. ஆனால் வேறொரு சிறிய ஓட்டை திறந்தது. அதைக் கண்டவர்கள் கடையில் நின்றவர்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். சில அட்டைகளின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது அதன் பொருள். இது நம் நாட்டு விதி. மருந்துகளை 'சீட்டுக்கு உரியவை', 'சீட்டின்றித் தருபவை' என இரண்டாகப் பிரிக்கும் இக்கருத்து நமக்கு மிகவும் பழகியது. ஆனால் 1938ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அப்பிரிவைத் தெளிவாக வரையறுக்கவில்லை. எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்பதை மருந்து செய்பவரே முடிவு செய்து லேபிளில் அச்சிட்டார். ஒரு கம்பெனி சீட்டு வேண்டும் என்று அச்சிட்ட அதே மருந்தை, வேறொரு கம்பெனி அவ்வாறு அச்சிடாமல் அனுப்பும். கடைக்காரர் என்ன செய்வார்? இரண்டு புட்டியும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. நோயாளியோ ஒருவர்தாம்.

இக்குழப்பத்தின் நடுவே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜார்ஜியா மாகாணத்தில் கொலம்பஸ் என்னும் ஊரில் சல்லிவன் என்ற மருந்துக் கடைக்காரர், 1000 சல்ஃபதயசோல் மாத்திரைகள் அடங்கிய புட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அந்தப் புட்டியின் லேபிளில் எச்சரிக்கைகள் இருந்தன. அவர் அதிலிருந்து 12 மாத்திரைகளை எடுத்துச் சிறு பெட்டியில் இட்டு, மருந்தின் பெயரை மட்டும் எழுதி விற்றார். மற்றொரு முறையும் அவ்வாறே செய்தார். பெரிய புட்டியில் இருந்த எச்சரிக்கை சிறிய பெட்டிக்கு வரவில்லை. கீழ்நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில் விடுவித்தார்கள், 1948ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் குற்றம் குற்றமே என்றது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனாலும் நாடு முழுவதும் மருந்துக் கடைக்காரர்கள் திடுக்கிட்டார்கள். பெரிய புட்டியிலிருந்து சிறியதற்கு மாற்றிக் கொடுப்பதுதான் அவர்களுடைய அன்றாடத் தொழில்! எதை எப்படிக் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது.

(எங்கள் சிறுவயதில் ஊர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுக்கும் புட்டியின் பக்கத்தில், வேளைக் கணக்குக்காக வெட்டு வெட்டாகக் கத்தரித்த காகிதப் பட்டை ஒன்றை ஒட்டித் தருவார். எச்சரிக்கையும் செய்முறையும் எல்லாம் அந்தக் காகிதந்தான். அது உரிந்து விழுந்துவிட்டால், வேளைக்கு எவ்வளவு என்பது பாட்டியின் ஊகத்தைப் பொறுத்தது.)

அக்குரலைக் கேட்கத் தக்க இருவர் அப்பொழுது காங்கிரசில் இருந்தார்கள். ஒருவர் பிரதிநிதிகள் சபையில் கார்ல் டர்ஹாம். வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்னும் ஊரில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்தவர். 1939 முதல் 1961 வரை உறுப்பினராக விளங்கினார். மற்றவர் செனட் சபையில் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. பின்னாளில் 1965 முதல் 1969 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தவர் என்பதால், இவர் பெயரை உங்களில் சிலர் வரலாற்று நூலில் பார்த்திருக்கலாம். அவர் முதலில் மருந்தாளுநர் என்பதை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

ஹம்ஃப்ரி 1911ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவில், தந்தையின் மருந்துக் கடைக்கு மேலிருந்த அறையில் பிறந்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பொருளாதார வீழ்ச்சி வந்தது. படிப்பை விட்டு, ஹ்யூரான் என்ற ஊரில் தந்தை தொடங்கிய கடைக்குத் துணை நிற்க வேண்டியவரானார். டென்வர் நகரத்துப் பார்மசிக் கல்லூரியில் இரண்டாண்டுப் பாடத்தை ஆறே மாதத்தில் முடித்து உரிமம் பெற்றார். வறட்சியால் புழுதிப் புயல் வீசிய காலம் அது. உழவர் கையில் காசில்லை. தந்தையும் மகனும் மனிதருக்கு மட்டுமன்றிப் பன்றிகளுக்கும் மருந்து செய்தார்கள். கடை வாசலில் மரத்தால் செய்த பன்றி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்களாம். உழவர்கள் அதைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டு வருவார்கள். மகன் நிலவறையில் மருந்து கலக்குவார். தந்தை ஊர் ஊராகச் சென்று விற்பார். 1937 வரை அவர் அந்தக் கடையிலேயே இருந்தார். பின்னரே மீண்டும் பல்கலைக்கழகம் சென்று அரசியல் விஞ்ஞானம் பயின்று, மினியாப்பொலிஸ் நகரத்து மேயராகி, 1949இல் செனட் சபை உறுப்பினரானார்.

இவ்விருவர் பெயரால் வழங்கும் திருத்தச் சட்டம் 1951ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துடன் நிறைவேறியது. எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்பதற்கு அதில் இலக்கணமே வகுக்கப்பட்டது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து சீட்டுக்கு உரியது; நஞ்சுத் தன்மையாலோ பயன்படுத்தும் முறையாலோ மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் கொள்வது ஆபத்தாகும் மருந்தும் சீட்டுக்கு உரியது. மற்றவற்றைத் தக்க செய்முறைக் குறிப்புடன் எவருக்கும் விற்கலாம். ஒரு முறை கொடுத்த சீட்டுக்கு மறுமுறை மருந்து கொடுப்பதற்கும் விதி செய்தார்கள். மருத்துவர் தொலைபேசியில் சொன்னால் கொடுக்கலாமா என்பதற்கும் விடை இருந்தது: கொடுக்கலாம், ஆனால் மருந்தாளுநர் அதை உடனே எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு மருந்துக் கடையின் வாசனையே வந்தது. நள்ளிரவில் தொலைபேசி மணி அடிப்பதும், மறுமுனையில் மருத்துவர் அவசரமாகப் பேசுவதும், ஒரு பெயர் சரியாகக் காதில் விழாமல் போவதும், அங்கே நின்று அனுபவித்தவருக்கல்லவா தெரியும்?

இந்தச் சட்டத்தை எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. எந்த மருந்து எந்த வகை என்று பட்டியலிடும் அதிகாரத்தை அரசாங்க நிர்வாகத்திடம் எவ்வளவு விடுவது என்பதில் பெரிய வாதம் நடந்தது. அதனால்தான் இறுதியில் இலக்கணத்தைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைக்காரருடைய வாழ்க்கையையும் சட்டத்தின் நடையையும் ஒருங்கே அறிந்தவர்கள் அங்கே இருந்தமையால்தான் அந்த வாதம் வீணாகாமல் ஒரு முடிவுக்கு வந்தது என்பது என் எண்ணம்.

ஆனால், நண்பர்களே, டர்ஹாமும் ஹம்ஃப்ரியும் மருந்தாளுநர்களாக இருந்தது நல்வினைப் பயன். பன்றிச் சின்னம் தொங்கிய கடையிலிருந்து ஒருவர் செனட் சபைக்கு வருவார் என்று எவரும் திட்டமிடவில்லை. 535 உறுப்பினரில் மருந்தாளுநர்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். உறுப்பினர்களோ விவசாயம், போர், வரி, வெளிநாட்டு உறவு என எல்லாவற்றையும் பற்றி வாக்களிக்க வேண்டியவர்கள். மருந்து பற்றிய மசோதா ஒன்று நூற்றுக்கணக்கான பக்கத்தில் மேசைக்கு வந்தால், அதைப் படித்து, "இந்தப் பிரிவு கடைக்குப் போனால் இவ்வாறு ஆகும்" என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். நல்வினை வரும்வரை காத்திராமல், ஆண்டுதோறும் ஒருவரை அனுப்பிவைப்போம் என்பதுதான் அந்த ஃபெலோஷிப்.

கடையில் மட்டுமே தெரியக்கூடியது எது என்பதற்கு அண்மைக் காலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள். மருந்து வாங்கும்போது நோயாளி ஒரு பங்கைத் தாம் கொடுப்பார். மிச்சத்தைக் காப்பீடு கொடுக்கும். சில மருந்துகளுக்கு விசித்திரமான நிலை நேரும். நோயாளி கொடுக்க வேண்டிய பங்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தைக் காப்பீடே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கினால் 8 டாலர்தான். இது கடையில் நிற்கும் மருந்தாளுநருக்குக் கணிப்பொறித் திரையில் தெரிகிறது. அவர் வாய் திறந்து, "அம்மா, ரொக்கமாகவே கொடுங்கள், குறைவு" என்று சொல்லலாமல்லவா? சொல்லக்கூடாது! காப்பீட்டுக்கும் கடைக்கும் இடையே நிற்கும் இடைநிலைக் கம்பெனிகளில் சில, அவ்வாறு சொல்வதைத் தடுக்கும் விதியை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தன. அதற்கு 'வாய்க்கட்டு விதி' என்றே பெயர் வந்துவிட்டது. இறுதியில் 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காங்கிரஸ் இரண்டு சட்டங்களால் இவ்விதிகளைத் தடை செய்தது. மருத்துவருக்குத் தெரியாத, நோயாளிக்கும் தெரியாத, சட்டசபைக்கு எவரேனும் சென்று சொன்னாலொழியத் தெரிய முடியாத செய்தி இது.

இவ்வளவு சொன்ன நான் என் ஐயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தகைய ஃபெலோஷிப்புகளுக்குப் பணம் தருவோர் பல்கலைக்கழகங்களும் தொழில் அமைப்புகளும். அரசாங்க அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர், தம் தொழிலாருக்கு ஆதாயம் தேடும் ஆளாக ஆகிவிடமாட்டாரா? இதைப் பற்றி நான் பலவாறு எண்ணிப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஆறுதல் தருகிறது. ஃபெலோவாகச் செல்பவர் மருந்து பற்றி மட்டுமே பேச முடியாது. அலுவலகத்தில் எந்த வேலை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். முதியோர் கடிதத்துக்கு விடை எழுத வேண்டும். மருத்துவமனைக்காரர்கள், காப்பீட்டுக்காரர்கள், நோயாளிச் சங்கத்தினர் எனத் தம் தொழிலுக்கு எதிராக வாதிப்பவர்களையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நாள்தோறும் பிறர் வாதத்தைக் கேட்பவனுக்குத் தன் வாதத்தின் அளவு விளங்கும். ஆயினும் ஐயம் முற்றும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். எல்லாரும் அறியும்படி யார் பணத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது வெளிப்படையாக இருக்கும்வரை, அவ்வையத்தை வைத்துக்கொண்டே இதை வரவேற்கலாம்.

கடையில் நிற்பவர் காண்பதைக் காகிதம் எழுதுபவர் காண்பதில்லை என்பதை நானே ஒரு முறை கண்டேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்துவந்தது. நீல நிற மாத்திரை. இன்ன கிழமை, மதிய உணவுக்குப் பின், ஆசிரியர் கண்முன் விழுங்கச் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை. எழுத்துப் பிசகாமல் நாங்களும் செய்தோம். பதிவேடும் ஒழுங்காகவே இருந்தது. ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் அம்மையார் மீதிக் கணக்கைப் பார்க்க வந்தார். மீதி மாத்திரைகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "ஐயா, ஆறாம் வகுப்பில் மாத்திரை சரியாகச் செலவாகியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பெண் பிள்ளைகளுக்கு உரியது இவ்வளவு மீதி இருக்கிறதே, அந்தக் கிழமை உங்கள் ஊரில் என்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று சந்தை நாள். தாய்மார் சந்தைக்குச் சென்றால் பெரிய பெண்கள் வீட்டில் தங்கிவிடுவார்கள். யாருக்கு அந்த மாத்திரை மிகுதியும் தேவையோ, அவர்களே ஒவ்வொரு வாரமும் அதைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவேடு என் மேசை மேலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை, மாத்திரையை எண்ணியவர் பார்த்தார். நாங்கள் மறுநாளும் வராதவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கலானோம். எங்கள் பள்ளியில் அது சரியாயிற்று. சந்தை நாள் உள்ள மற்ற ஊர்களில்? அந்த அம்மையாரின் கேள்வி சுற்றறிக்கை எழுதும் மேசைவரை போயிற்றா? போவதற்கு வழி ஏதும் அவருக்கு இல்லை.

நம் நாட்டில் பார்மசிச் சட்டம் 1948ஆம் ஆண்டில் வந்தது; மருந்துகளைப் பற்றிய சட்டம் அதற்கும் முந்தியது, 1940ஆம் ஆண்டினது. மருந்தாளுநர்களுக்கென்றே அமைந்த அமெரிக்க ஃபெலோஷிப்பைப்போல ஒன்றைத் தேடுபவர், அதற்கு அருகில் உள்ள ஒன்றை அறிந்துகொள்ளலாம். பி.ஆர்.எஸ். என்னும் சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய 'லாம்ப்' ஃபெலோஷிப்பில், இளம் பட்டதாரிகள் ஒரு பாராளுமன்ற உறுப்பினருடன் சேர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் புது தில்லியில் பணிபுரிகிறார்கள். எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். 25 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. சட்டம் படித்தவர்களும் பொருளாதாரம் படித்தவர்களும் இதனை நாடுவது இயல்பு. பார்மசி படிப்பவர்களே, உங்களுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது என்பதை உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகை சொல்லாமல் போகலாம். ஆகவே நான் சொல்கிறேன்.

1937இல் அமெரிக்காவில் நடந்ததை ஏதோ பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1986ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் 14 நோயாளிகள் மாண்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த கிளிசரினில் கலந்திருந்தது அதே டை-எதிலீன் கிளைகால். நீதிபதி லென்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்து விரிவான அறிக்கை தந்தது. 2022ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளில் அந்த நஞ்சு இருந்ததை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் சோதித்தபோது, அந்த மருந்தில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் டை-எதிலீன் கிளைகால் இருந்தது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. மூலப்பொருளைச் சோதித்தே பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சோதனையும் செய்ய முடியாததன்று. ஆனால் விதிக்கும் அந்தப் பெரிய பீப்பாய்க்கும் நடுவே என்ன நடக்கிறது, சிறிய தொழிற்சாலையில் எவர் எந்நேரத்தில் எதைச் சோதிக்கிறார், ஆய்வாளர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார், கடைக்குத் திரும்பப் பெறும் உத்தரவு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது, இவற்றையெல்லாம் அறிந்து சொல்பவர்கள் விதி எழுதும் அறையில் எத்தனை பேர்?

அந்தச் செய்தி வெளியான இரவு, கோடையில் என்னைக் காண வந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். கடையின் அலமாரி முழுவதும் தேடிவிட்டாராம். அந்தப் பெயருடைய மருந்து அவர் கடையில் இல்லை. பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு, "ஐயா, நீங்கள் சொன்ன அந்த 1937ஆம் ஆண்டு மருந்தில் இருந்ததும் இதுதானே?" என்றார். இதுதான் என்றேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். மருந்துச் சட்டத்தின் விதித் தொகுதியை அச்செடுத்து, கட்டாகக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடிட்டிருந்தார். சில சொற்கள் விளங்கவில்லை என்று என்னிடம் இருந்த பழைய சட்டச் சொல்லகராதியைக் கேட்டார். அட்டை கிழிந்த பிரதி அது, எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.